முன்னும் பின்னும் இரண்டு நிமிடம்

பட்டியலில் இன்று நாற்பத்தொன்று.
ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்போன்,
ஆறிப்போன தேநீரின் மேல் ஆடை.

சைக்கிள்காரர்கள் அனுப்புகிறார்கள்,
தலைக்கவசத்திலிருந்து, ஹேண்டில்பாரிலிருந்து,
இருக்கைக்கு அடியில் பின்நோக்கி விழித்திருக்கும் கண்ணிலிருந்து.
விதி இதுதான்: வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.
சம்பவத்துக்கு முன் இரண்டு நிமிடம்,
பின் இரண்டு நிமிடம்.

வழக்குக்கு வேண்டியது மூன்று விநாடி.
மிச்சமெல்லாம் என் சம்பளத்தோடு சும்மா வருகிறது:
பிரெக்கன் மேட்டில் ஏறும் ஒருவரின் மூச்சு,
ஈரச் சாலையை டயர் உரிக்கும் ஓசை,
சுவரோரம் நின்று
எல்லோரையும் சந்தேகிக்கும் ஓர் ஆடு.
ஒரு பெண் பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டே மிதிக்கிறாள்.
லாரி உரசிப்போன பிறகு
அவளிடம் ஒரே ஒரு வினைச்சொல்தான் மிஞ்சுகிறது.
அதை நான் அறிக்கையில் எழுதுவதில்லை.

இட்வல் பியூ வாரம் மூன்று அனுப்புவார்.
ஓய்வுபெற்ற தபால்காரர்.
வேறு வேலை இல்லாத மனுஷன் என்று
நானே சொல்லியிருக்கிறேன்,
பிஸ்கட்டைக் கடித்தபடி.

செவ்வாய்க்கிழமை, இருபத்தாறாவது.
அவர்தான். தாளம் தப்பிய அதே சீழ்க்கை.
டால்கார்த் போகும் குறுகல் சாலை,
இடப்பக்கம் கல்சுவர், முன்னால் வளைவு,
எதிரே பால்வண்டி வருவது தெரிந்தும்
பின்னாலிருந்து ஒரு சாம்பல் ஸ்கோடா.

நிறுத்தினேன்.
பின்னுக்கு ஓட்டினேன். நிறுத்தினேன்.
பின்கண்ணாடியில்
எலெரி ஒட்டிய, வால் கிழிந்த டைனோசர்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
தெரிகிறது, முழுத் திரையில்.
சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்க்கிறேன்.
விட வேண்டியது ஒன்றரை மீட்டர்.
விட்டது ஒரு முழம்.
அதுவும் என் முழம் அல்ல,
ஆறு வயது எலெரியின் முழம்.

அந்தக் காலையைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.
பல் மருத்துவரா? நீச்சல் வகுப்பா?
அவசரம் நினைவிருக்கிறது,
எதற்கென்று இல்லை.
ஒரு மனிதரைக் கடந்தேன் என்பது
துளியும் இல்லை.

பின் இரண்டு நிமிடத்தை ஓடவிட்டேன்.
அவர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.
ஒரு காலை ஊன்றினார். கையுறை கல்லைப் பற்றியது.
மூச்சு. மூச்சு.
பிறகு என் வண்டி எண்ணை,
தொலைந்துபோகும் குழந்தைக்குச் சொல்லித்தரும் முகவரி போல
எழுத்தெழுத்தாய்க் காற்றிடம் சொன்னார்.
இரண்டு முறை.
இரண்டாம் முறை ஏழு நடுங்கியது.
அப்புறம் சீழ்க்கை திரும்பவில்லை.
கடைசி நாற்பது விநாடி
அவர் வண்டியில் ஏறவே இல்லை.
திரை நிறையச் சுவரின் பாசி.

"இருபத்தாறை நீ பார்," என்றேன் நெரிஸிடம்.
ஏன் என்றாள்.
டைனோசரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிஸ்கட் டப்பாவை மூடினாள்.

ஒன்பதாம் நாள் தபாலில் வந்தது,
வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
'மேற்படி நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார்?'
கேள்வி நான் எழுதியது.
போன வருஷம், ஒரு மதியம், கொட்டாவிக்கு நடுவே.
பதில் எழுத ஒரு கோடு விட்டிருந்தது.
இந்தக் கோடு போதும் என்று சொன்னவனும் நான்தான்.

எழுதிப் பார்த்தேன்.
என் பெயர் அதில் கொள்ளவில்லை.
கடைசி இரண்டு எழுத்து
தாளின் விளிம்பை உரசிக்கொண்டு,
ஒதுங்க இடமில்லாமல்,
நிற்கிறது.