எடைப்பாலம்

பகாவ் செம்பனை ஆலையில்
லாரிகளை நிறுத்து எழுதுவது என் வேலை.
பதினோரு வருடமாக
கண்ணாடிக் கூண்டு, காற்றாடி, ரப்பர் முத்திரை,
பசியாற நாசி லெமாக்.

பொட்டலத்துத் தாளில் உலகம் வரும்.
எப்போதும் பாதிச் செய்தி.
நேற்று:
ஒரே இரவில் ஆறு திசை மாறியதாம்,
விடிந்தபோது ஊரே எல்லைக்கு அந்தப் பக்கம்.
தபால்காரர் படகில் நின்று யோசிக்கிறார்,
உள்ளூர் அஞ்சலா, வெளிநாட்டு அஞ்சலா.
எந்த நாடு, எந்த ஆறு
என்ற இடத்தில் சம்பல் எண்ணெய்.

சிரித்தேன்.
சிரிப்பு முடிவதற்குள் அப்பா வந்துவிட்டார்.
பெரியண்ணன், தகப்பன் பெயர் அங்கமுத்து.
மூன்றாம் பிரிவு லயத்தில் பிறந்து
அதே லயத்தில், நாலு கதவு தள்ளிச் செத்தவர்.
இடையில் அவர் போன அதிகபட்ச தூரம்
சிரம்பான், பதிவிலாகா,
பதினாலு தடவை.
கடைசிவரை சிவப்பு அட்டை.
அம்மா வழியில் எனக்கு நீலம்.
எங்கள் ஊரில் எந்த ஆறும் நகரவில்லை,
தோட்டத்துக் கால்வாய்கூட.
பிறப்புப் பத்திரத்தைக் கிராணியின் பெட்டியோடு
கறையான் தின்றது என்பார்.
கறையானைத் திட்டியதில்லை.

அந்த வீட்டில் இப்போது
ஷஃபிகுலும் இன்னும் ஏழு பேரும்.
எங்கள் முனியாண்டி படம் மாட்டிய ஆணியில்
அவன் தொழுகைத் தொப்பி.
நீ என்ன ஆளென்று
ஆணி கேட்கவில்லை.

கேட்பது நாங்கள்தான்.
தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்,
மாப்பிள்ளை பினாங்கில், சில்லு செய்யும் கம்பெனி.
எல்லாம் பேசியாச்சு, கேசரி தின்றாச்சு,
செருப்புக்குள் காலை நுழைத்தபடி
அத்தைக்காரி மெல்ல:
"தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?"

கப்பலேறும்போது
பாய், போர்வை, பித்தளைச் செம்பு
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்களாம் நாகப்பட்டினத்தில்.
இதை மட்டும் எழுதவில்லை.
சுங்கத்தில் பிடிபடவில்லை.
உப்புக்காற்றில் துருப்பிடிக்கவில்லை.
ஜப்பான்காரன் காலத்தில்
விற்றுத் தின்னவும் முடியவில்லை.

அதே அத்தை, கார்க் கதவைத் திறந்துகொண்டு,
"இந்த வந்தேறிப் பயலுங்களால
பசார் மாலாமில் நடக்கவே முடியல" என்றாள்.
அந்தச் சொல் எனக்குப் பழக்கம்.
மலாயில் கேட்டிருக்கிறேன்,
பள்ளிப் பேருந்தில், ஒருமுறை ஆஸ்பத்திரி வரிசையில்.
தமிழில் கேட்டபோது
உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

இன்றைய தாள்:
சொந்தக்காரன் இல்லாத ஒரு பெட்டி
விமானம் விமானமாக மாறி
பதினேழு முறை உலகைச் சுற்றியதாம்.
கடைசியில் பூட்டை உடைத்துத் திறந்தால்,
அவ்வளவுதான், மீதி கிழிந்துவிட்டது.
உள்ளே என்ன இருந்திருக்கும்?
ஷஃபிகுலைக் கேட்டேன்.
யோசிக்கவே இல்லை அவன்.
"பாஸ்போர்ட்."
அவனுடையது தவுக்கேயின் இரும்பு அலமாரியில்,
அதற்காக விற்ற இரண்டு மாடுகளும்
யார் தொழுவத்திலோ.

எடை போடும்போது ஆள் இறங்கி நிற்க வேண்டும்.
இரும்புக்கும் குலைக்கும்தான் கணக்கு.
மத்தியானம் நல்ல மழை.
குலைகளின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி
உட்கார்ந்திருந்தான் அவன்.
இறங்கச் சொல்ல மைக்கை எடுத்தவள்
வைத்துவிட்டேன்.
திரையில் அறுபது கிலோ ஏறியிருக்கும்,
நனைந்த ஆள், கொஞ்சம் கூடுதலாகவும்.

குலைகளைக் கொட்டிவிட்டு
வெற்று லாரி மறுபடி மேடை ஏறும்போதும்
அவன் மேலே இருந்தால்
கணக்கு நேராகிவிடும்.
மழை விட்டிருந்தது.
கேட்டுக்கு வெளியே
நடந்துபோய்க்கொண்டிருந்தான்.

சீட்டு அச்சாகிவிட்டது.
செம்பனைக் கணக்கில் அறுபது கிலோ கூடுதல்.
தவுக்கே கேட்டால்
ஆறு திசை மாறிவிட்டது என்பேன்.