தலை இடிக்கும் அறை

வாழைச்சேனையில் பின்மதிலோரம்
நாலு டயரின்மேல் குந்தியிருந்தது.
இருபத்தொரு அடி. முப்பத்தெட்டு வயது.
"ஞானரூபியவிட ஆறு வயசு இளமை"
என்றான் தவநீதன், விலை பேசுகிற நேரத்தில்.
விற்கிறவர் சிரிக்கவில்லை. நானும்.

லொறியில் கட்டிக் கல்லடிக்குக் கொண்டுவந்தோம்.
வெளியே நீட்டிய பாய்மர நுனியில்
என் சிவப்புச் சட்டை படபடக்க
ஊர் முழுக்க எங்கள் கடனைப் பார்த்தது.

உள்ளே உயரம் நாலடி ஏழங்குலம்.
முதல் நாள் நெற்றியில்.
இரண்டாம் நாள் உச்சியில்,
கண்ணுக்குள் மின்மினி பறக்க.
மூன்றாம் நாள் ஹெரல்ட் வந்து தட்டிப் பார்த்தார்:
"கூரைய உயத்த ஏலா மிஸ்.
குனியப் பழகுங்க."
பழைய சைக்கிள் ட்யூபை நீளமாய் வெட்டி
வாசல் விளிம்பில் ஒட்டிவிட்டுப் போனார்.

வசதி என்றால் என்ன என்று
பங்குனி முழுக்கச் சண்டை.
அவனுக்குச் சூரியத் தகடு, சின்ன மின்விசிறி,
சாய்ந்தாலும் சாயாத காஸ் அடுப்பு.
எனக்கு
வலது முழங்கால் நீட்டிப் படுக்க ஒரு பலகை,
வாளிக்கு முன்னால் ஒரு திரை.
வாளி போதும்.
திரை இல்லாமல் நான் வரமாட்டேன்.

பாய் கிழிந்திருந்தது மூன்று இடத்தில்.
காத்தான்குடியில் சோபா உறை தைக்கிற நிஹ்மத்துல்லா
இஷா முடிந்தபின் ஒழுங்கையை மறித்து விரித்தார்.
ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்று
யோசித்து
கிறுகிப் போனது.
வெள்ளைத் துணி போதவில்லை;
ஒரு முக்கோணம் மட்டும் லொறித் தறப்பாள், நீலம்.
"தூரத்துல இரிந்து பாத்தா டிசைன் மாதிரி இரிக்கும்" என்றார்.
எவ்வளவு தூரத்தில் என்று நான் கேட்கவில்லை.

ரப்பர் மெத்தை. நுளம்பு வலை.
நாற்பது லீட்டர்க் கான் இரண்டு.
அரிசி, மாசி, அம்மி வேண்டாம் என்றபின்னும் ஓர் இடிகல்.
அவன் ஒரு கதிரையும் ஏற்றினான், மடிக்கிற கதிரை.
தண்ணீரில் இறக்கினால்
சிவப்புக் கோட்டைக் காணவில்லை.
நாலு விரல் கீழே போய்விட்டது.
கரையில் நின்ற ஹெரல்ட்
வீடா வள்ளமா, ஒன்றைச் சொல்லுங்க என்றார்.

இறக்கினோம்.
ஒரு கான். கதிரை. இடிகல்.
மறுபடி கதிரையை ஏற்றினான், நான் இடிகல்லை.
ஒருவரையொருவர் பார்க்காமல்
இரண்டையும் இறக்கினோம்.
கோடு அரை விரல் தெரிந்தது.

பழைய பெயரைச் சுரண்டியிருந்தார்கள் யாரோ.
சாய்ந்த வெயிலில் மட்டும்
இரண்டெழுத்து மங்கலாய் வரும்.
நாங்கள் ஒன்றும் எழுதவில்லை.

கல்லடிப் பாலத்தடியில்
கீலைத் தளர்த்தி மரத்தைச் சரித்து,
பழைய இரும்பும் புதுக் கொங்கிறீற்றும்
தலைக்குமேல் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போக,
அந்தப் பக்கம் நிமிர்த்தினோம்.
பாலத்தில் சோளம் கொறித்த பொடியன்கள்
"மீன் பாடுதா அங்கிள்?" என்று கத்தினார்கள்.
பாடியது எங்கள் அடித்தண்ணீர்ப் பம்ப்.
பத்து நிமிடத்துக்கொருமுறை, மூக்கடைத்த குரலில்.

கண்டல் ஓரம் நங்கூரம்.
சுறுசுறுவென்று கொதித்த பிளேன்டீ சிந்தவில்லை.
முழங்கால் நீண்டது.
திரைக்குப் பின்னிருந்து
நான் அவனோடு காற்றைப் பற்றிப் பேசினேன்,
முப்பது வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாய்
இவ்வளவு கிட்ட.

நடுச்சாமம் சித்திரை மழை.
நாலு குழாய் சிலிக்கன் பூசிய கூரை,
கம்பி இறங்கும் ஆணியடியில்
எங்களுக்குத் தெரியாத ஒரு வழியாய்
சொட்டியது, சரியாக அவன் நெற்றியில்.
எழும்பவில்லை. எழும்பினால் இடிக்கும்.
கையால் துழாவித் தேத்தண்ணிப் பேணியை எடுத்து
புருவத்துக்குமேல் பிடித்துக்கொண்டான்.
கொஞ்சநேரத்தில் கை தளர்ந்தது.
அதை நான் வாங்கிக்கொண்டேன்.
டொக்.
தகடு இருந்த பக்கம் மின்னல்.
டொக்.
அரைப் பேணி நிறையும்வரை
எண்ணிக்கொண்டிருந்தேன், காலை நீட்டியபடி.