இருபத்தொன்பது

புதுவயலுக்கு மேற்கே,
ஆலைத் தவிடு மணக்கும் வரப்பு.
வெயிலுக்கு முதுகைக் காட்டிக்
குனிகிறாள் செபஸ்தியம்மாள்.
அவள் நிழலுக்குள் ஒரு நெல் தோகை.
நுனி வேண்டாம், நடுநரம்பும் வேண்டாம்,
கடைசியாய் விரிந்ததன் இடைப்பகுதி.
கருவி கவ்வுகிறது. சின்னதாய் ஒரு பீப்.

சாத்தையா வயலில் இறங்கவில்லை.
போன ஆடியில், காரைக்குடி பெரியாஸ்பத்திரியில்
இவர் பெண்டாட்டி விரலையும்
இப்படித்தான் ஒன்று கவ்வியிருந்தது.
நகத்துக்கடியில் சிவப்பு வெளிச்சம்.
எண் இறங்க இறங்க
நர்ஸ் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"எவ்வளவு?"
"இருபத்தொன்பது. முப்பத்தஞ்சு இருக்கணும்."
"பாக்கப் பச்சையாத்தானே இருக்கு."
"கண்ணுக்கு அப்பிடித்தான்."

அடுத்த குத்து. முப்பது.
அதற்கடுத்தது இருபத்தெட்டு.
ஒவ்வொரு முறையும் எண்ணை
அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள்,
அவர் கேட்காமலே.

"தழைச்சத்துதான் கொறச்சல்.
தண்ணிய வடிச்சிட்டு
ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்று
"குடுத்தா ஏறுமா?" என்றார்.
"பத்து நாள்ல வாரேன். நீங்களே பாருங்க."

சொசைட்டி திறக்கப் பத்து மணியாகும்.
ஏழேகாலுக்கே
சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.