எண்ணுகிறவன் திங்கட்கிழமை சாப்பிட்டது

ஷுவைக் துறைமுகத்தில் ஆட்டுக் கப்பல் வருவதற்கு
அரைமணி முன்பே அதன் வாடை கரை சேர்ந்துவிடும்.
இறங்குவதை எண்ணுவது என் வேலை.
கையில் கிளிக்கர். கழுத்தில் அட்டை.
ஆடுகளுக்குக் காதில்.

இருபத்தேழாயிரத்து நூற்றுப் பத்து.
தாளுக்கும் என் கைக்கும்
நூற்று எண்பத்து மூன்று இடித்தது.
மாலுமி ஒன்றும் பேசவில்லை.
கட்டைவிரலால் பின்னால் கடலைக் காட்டினான்.
அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம்
ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது.
எழுதினேன்.

இதில் மனம் மாறினேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
அன்றிரவும் ஜிலீப் அறையில்
மலுக்கு முகம்மது வைத்த குழம்பில்
எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சினேன்.
இரக்கமும் பசியும் ஒரே விசாவில் வந்தவை,
ஒன்றையொன்று பேசிக்கொள்வதில்லை.

மாறியது காலின் பெருவிரல்.
ஒரு விடிகாலை போர்வை உரசியதற்கே
அது அறை முழுக்க எழுப்பிவிட்டது.
டாக்டர் ஒன்பது புள்ளி நாலு என்றார்,
பூகம்பச் செய்தி வாசிப்பதுபோல.
யூரிக் ஆசிட். தினமும் கறியா?

தினமும்தான், டாக்டர்.
கேம்ப் மெஸ்ஸில் மதியம் கோழி, ராத்திரி கோழி.
உறையில் இருக்கும் தேதியைப் பார்த்தால்
என் மகள் ஆறாம் வகுப்பு சேர்வதற்கு முன்பே
அது செத்திருக்கிறது.

"சைவமாயிட்டியா?" என்றான் சவேரியான்.

அந்தச் சொல் மட்டும் வேண்டாம், தம்பி.
திருச்சியில் வாடகைக்கு வீடு கேட்டு நின்றபோது
என் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள்.
பதில் சொல்லுமுன் சாவி சட்டைப்பைக்குள் போய்விட்டது.
என் அப்பா தின்ற மாட்டுக்கறியில்
ஒரு துண்டைக்கூட நான் துப்பமாட்டேன்.
இது சுத்தம் இல்லை.
இது கணக்கு.

நான் தீவனக் கட்டுகளையும் எண்ணியிருக்கிறேன்.
புல் ஒரு தேசத்தில் வளர்கிறது,
ஆடு இன்னொன்றில்.
இரண்டும் கடல் தாண்டி இங்கே சந்திக்கின்றன,
வெட்டுவதற்குச் சில நாள் முன்பு.
இடையில் அது குடிக்கிற தண்ணீர்
கடலைக் காய்ச்சி எடுத்தது.
காய்ச்சும் ஆலையில்தான், சவேரியான்,
உன் முகம் கறுத்துக்கொண்டிருக்கிறது.
ஆக இந்த ஒரு கவளத்துக்கு
நீயும் வேலை பார்த்திருக்கிறாய்
நானும் பார்த்திருக்கிறேன்
ஐம்பது டிகிரியில்.
ஒருநாளாவது அதற்கு லீவு விடலாம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டான்: "மீன்?"
மீனை இன்னும் எண்ண ஆரம்பிக்கவில்லை என்றேன்.
மணப்பாட்டுக்காரனிடம்
அதற்குமேல் பேசத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை. மிஸ்ரிக்காரர் கடை.
சாய்ந்து கிடக்கும் செம்புக் குடத்தில்
ராத்திரி முழுக்க வெந்த ஃபூல்,
நீண்ட கரண்டியால் அள்ளி
எலுமிச்சை, சீரகம், எள் விழுது.
சூடான குபூஸ் இரண்டு.
வஃப்ராவிலிருந்து வந்த ஜர்ஜீர் ஒரு கட்டு,
வேரில் மண் ஒட்டியிருந்தது.
மணல் மட்டுமே பார்த்த கண்ணுக்கு
அந்த மண்ணைக் கழுவ மனம் வரவில்லை.
கழுவினேன்.

மலுக்கு ஒரு வாய் எடுத்தான்.
"நம்ம மொச்சைதானப்பா இது" என்றான்.
"கொஞ்சம் கருவாடு போட்டா..."
பெருவிரலைக் காட்டினேன்.
சிரித்தபடியே வழித்துத் தின்றான்.

புதன்கிழமையும் சேர்ந்தது.
வாரத்தில் இரண்டு நாள், அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு
முதல் ஆளாய்த் தட்டோடு உட்காருவேன்,
மறைப்பதற்கில்லை.

கப்பல் போன வாரமும் வந்தது.
என் கிளிக்கரில் குறைக்கும் பொத்தான் கிடையாது.
இரண்டு நாளால் எத்தனை காது தப்பிக்கும்
என்று கேட்டால், தெரியாது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நேற்று வேலை முடிந்து படியேறும்போதே
அடுப்படியில் வெளிச்சம்.
மலுக்கு திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:
"இன்னிக்கு உன் நாளுதானே.
பருப்பு ஊறுது.
வெங்காயத்த நீ அரி, எனக்குக் கண்ணு எரியுது."