ஒற்றை ஏர்க்கால்

சாட்ஸ்வொர்த் உள்துறை அலுவலகத்துக்கு எதிரே
என் கடை. நான்கு படம் எண்பது ராண்ட்.
பல் தெரியக் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது,
இரண்டு காதும் தெரிய வேண்டும்.
நாளுக்கு நூறு தடவை சொல்கிறேன் இதை,
இங்கிலீஷில், ஜூலுவில்,
கிழவர்கள் வந்தால் கொஞ்சம் தமிழில்.

இசிப்பிங்கோவிலிருந்து குபேந்திரன் வந்தார்.
சட்டைப்பையில் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பேழை.
அதற்குள் ஐந்து ஷில்லிங், வெள்ளி, 1892.
முன்பக்கம் தாடிக்காரத் தலைவர்.
பின்பக்கம் கேடயம், அதன் அடியில்
நகக்கண் அளவுக்கு ஒரு மாட்டுவண்டி.
சீட்டில் தரம்: அறுபத்திரண்டு.
கீழே எட்டு இலக்க எண்.
அதற்கும் கீழே: ஒற்றை ஏர்க்கால்.

"ரெட்டை ஏர்க்கால் நிறைய கெடக்கு,
ஒத்தைதான் கெடைக்காது, விலையே வேற.
பிரிட்டோரியாவுல ஒருத்தர் வாங்கத் தயார்.
ஆனா நம்பரைத் தட்டினா கம்பெனி படம் வருது பாருங்க,
அதைப் பாத்துட்டு இழுக்கிறார்."
போனை நீட்டினார்.

என்ன படம் அது!
பேழைக்கு நேர் மேலே ஃப்ளாஷ்.
தலைவரின் தாடியில் சோப்பு நுரை.
மூலையில் எடுத்தவரின் கட்டைவிரல் நிழல்.
வண்டி நிற்க வேண்டிய இடத்தில்
வெள்ளையாய் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான்.
இப்படி ஒன்றை நான் கொடுத்தனுப்பினால்
எதிர்க் கவுண்டர் மிஸ் நோம்புமெலெலோ
கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடுவாள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அதுவும் நல்லதுதான்.
கறுப்பு வெல்வெட், பேட்டரி விளக்கு ஒன்றே ஒன்று.
வெள்ளியை மேலிருந்து அதட்டினால் பளபளத்து மழுப்பிவிடும்.
பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும்.
பேழையை ஒரு தீக்குச்சி உயரம் சாய்த்தேன்.
இன்னும் அரைக் குச்சி.

எழுந்தது வண்டி.
கூடாரத் துணியின் மடிப்பு, ஆணித் தலை,
ஒரே அளவில் முன்சக்கரமும் பின்சக்கரமும்.
முன்னால் நீட்டிக்கொண்டு ஏர்க்கால்கள்.
ஏர்க்கால்கள்.
எண்ணினேன். திரையில் பெரிதாக்கி மறுபடி எண்ணினேன்.
இரண்டு.

குபேந்திரன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.
சீட்டு எழுதியவர் தூக்கத்தில் எழுதினாரா,
சரியாகத்தான் எழுதி, பிறகு யாரோ
பேழையைப் பிளந்து ஆளை மாற்றி ஒட்டினார்களா?
சொல்ல வேண்டிய ஒரே சாட்சி அந்தக் கம்பெனி படம்.
அது கண்ணைக் கூச வைத்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டிருக்கிறது.

பேழையின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார்.
பிறகு,
"லைட்டைக் கொஞ்சம் நேரா வச்சு இன்னொண்ணு?
அவங்க எடுத்த மாதிரியே?"

போன வருஷம் தாயநாயகி என்று ஒருத்தி,
தாடையில் எண்ணெய் பட்ட தழும்பு.
அழித்துத் தரச் சொன்னாள். அழகாய் அழித்தேன்.
மூன்று நாள் வரிசையில் நின்று கவுண்டரை அடைந்தாள்.
"இது நீயா?" என்றார்களாம்.
திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல்,
தழும்போடு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
அந்தப் படத்துக்குக் காசு வாங்கவில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
விளக்கை அணைத்தேன்.
எடுத்ததை அச்சடிக்கக் கரண்ட் வரும்வரை காத்திருந்தோம்,
கிரிக்கெட் பற்றி ஏதோ பேசினோம்.
நூறு ராண்ட் வைத்தார், மீதி வாங்கவில்லை.
படத்தைக் குப்புறக் கவிழ்த்து உறையில் போட்டுக்கொண்டார்.
பிரிட்டோரியாவுக்கு எது போயிற்று, எனக்குத் தெரியாது.

அடுத்து ஒரு பையன், முதல் அடையாள அட்டை,
தலைமுடி காதை மூடியிருந்தது.
ஒதுக்கு, என்றேன். இன்னொன்றையும்.

கார்டில் இன்னும் இருக்கிறது அந்த வண்டி.
இரண்டு ஏர்க்கால்,
நடுவில் நிற்க
ஒரு குதிரை இல்லாமல்.