நாலு பேர் மந்தி

பலகை எழுதியவன் ஏ-வுக்குக் கீழே
இழுக்க வேண்டிய கோட்டை மறந்துவிட்டான்.
எம்.சி. ரோட்டில், ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில்
பச்சை விளக்கில் எரிகிறது:
எமன் மந்தி.

"எமனோட கொரங்கா?" என்றான் ஜெரி.
மந்தி என்றால் பெண் குரங்கு என்று
நேற்றுதான் பள்ளியில் படித்திருக்கிறான்.
"ஏமன்டா. அது ஒரு நாடு" என்றார் இவர்.
ஆட்டோ லோனுக்குக் கடைசித் தவணை கட்டிய ரசீது
சட்டைப் பையில்
வெளியே தெரிகிற மாதிரி மடித்திருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால்
சிவப்புக் கம்பளம், சாய்ந்துகொள்ளத் திண்டு.
பக்கத்துத் தடுப்பில் யாருக்கோ பிறந்தநாள்.
அதற்கும் அந்தப் பக்கம்
கண்டெய்னர் யார்டுப் பையன்கள் ஆறு பேர்
சட்டையில் கிரீஸோடு, ஒரே தட்டைச் சுற்றி,
சீட்டாட உட்கார்ந்த மாதிரி.

"நாலு பேர் மந்தி ஒண்ணு. மட்டன்."
"அஞ்சு பேர் இருக்கீங்களேண்ணே."
"சின்னவ அப்பளத்துக்கு வந்தவ."
"அப்பளம் இல்லண்ணே இங்க."
ஏஞ்சலின் அழத் தயாரானாள்.

ரெஜினா கம்பளத்தின் ஓரத்தில் இருந்தாள்.
பையன் திரும்பும்போது
"தம்பி, எனக்குத் தனியா ஒரு தட்டு" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள்.

போன வருஷம் ஆறு மாசம்
தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில் வரிசை, மாத்திரை, எடை மிஷின்.
"தட்டெல்லாம் தனியா வேணாம்மா,
மாத்திரைய விடாம போடட்டும்" என்று நர்ஸ் சொன்னது
என் காதில் நன்றாகவே விழுந்தது.
வீட்டுக்கு வந்து
எவர்சில்வர் தட்டின் விளிம்பில்
ஆணியால் 'ரெ' என்று கீறியவள் நான்தான்.
ஒரு டம்ளரிலும்.

சளியில் ஒன்றுமில்லை என்று வந்து எட்டு மாசம்.
இன்னும் அந்தத் தட்டை அவளே கழுவுகிறாள்,
அவளே கவிழ்த்து வைக்கிறாள்.
மறந்து நான் வேறு தட்டில் போட்டால்
எழுந்து போய் மாற்றிக்கொண்டு வருகிறாள்.
கோபமாகச் செய்தால்கூட
ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மந்தி வந்தது. ஆட்டோ டயரைவிடப் பெரிய தட்டு.
பாதி மஞ்சள், பாதி வெள்ளையாய் நீளநீள அரிசி,
மேலே கரிப்புகை வாசத்தோடு தொடைக்கறி,
வறுத்த முந்திரி, திராட்சை,
கிண்ணத்தில் பச்சை மிளகாய் இடித்த தக்காளிச் சட்னி.
இவர் ஒரு வாய் வைத்துவிட்டு
"மசாலாவே இல்லியே" என்றார்.
பிரியாணி இல்லை என்பதற்காக ஒரு சோற்றை மன்னிக்க
ராயபுரத்துக்காரருக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்.
சட்னி தொட்டதும் மன்னித்துவிட்டார்.

தனித் தட்டும் வந்தது. காலியாய், துடைத்து.
நான் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் ஜெரி
"எலும்ப எங்க போடறது?" என்று சுற்றிலும் பார்த்து
எட்டி அந்தத் தட்டில் போட்டான்.
டங்.
இவர் பேச்சு வாக்கில், பார்க்காமலே, இன்னொன்று.
ஏஞ்சலின் சப்பிய எலுமிச்சை மூடி.

என் கையிலும் ஒரு எலும்பு இருந்தது.
சுத்தமாகக் கடித்து முடித்த பிறகும்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு போட்டேன்.

ரெஜினா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
முழங்காலை மடக்கி முன்னால் நகர்ந்து
பெரிய தட்டில், தன் பக்கத்து ஓரத்தில்
ஒரு விரல் அகலம் எடுத்தாள்.
அப்புறம் இன்னும் கொஞ்சம்.
அவள் தோண்டத் தோண்ட
ஜெரி பக்கத்துச் சோறு அவள் பக்கம் சரிந்தது.
"அத்தே, என் முந்திரி!" என்று கத்தினான்.
அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

தண்ணீர் மட்டும் பழையபடிதான்.
பாட்டிலை ஒரு சாண் மேலே தூக்கி,
உதட்டில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல்.

ஏலக்காய் போட்ட ஏடன் டீ, பில், மாடிப்படி.
வீட்டில் கவிழ்ந்திருக்கிற தட்டை என்ன செய்வது?
ஆணிக் கீறல்
தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கிறதே ஒழிய
மறைகிற வழியாய் இல்லை.

தெருவில் இறங்கியதும் ரெஜினா
நிமிர்ந்து பலகையைப் படித்தாள்.
"சரியாத்தாண்ணி எழுதியிருக்கான்" என்றாள் என்னிடம்.
"அந்தாள ஒருதரம் கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்தவ நானு.
சோறு போடுவான்னு தெரியாமப் போச்சு."

இவர் சத்தமாகச் சிரித்தார்.
நான் ஆட்டோவில் ஏறி,
உள்ளே தள்ளி உட்கார்ந்து,
சேலையை இழுத்துக்கொண்டேன்,
அவள் ஒட்டி உட்கார.