ஏற்றியது ஏழு

கிரீன்ஸ்பரோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதி,
கீழ்த்தளத்தில் கூட்ட அறை.
வருடா வருடம் ஜூலை, இரண்டாம் சனிக்கிழமை.
பெயர் அட்டையில் எழுத்து இந்த முறை இன்னும் பெரிது.
யாருக்கும் கண் சரியில்லை,
காது எப்போதோ போயிற்று.
என் வலது காதை எம்-அறுபது தின்றது,
இடது காதை எஞ்சின்.
மிச்சமிருப்பதை வைத்துத் தலையாட்டுகிறேன்.

முதலில் சாமான்களைப் பற்றித்தான் பேசுவோம்.
அது சுலபம்.
ஹாஸ்க்யூ தன் ஆர்.பி.டி.யின் குழலை
ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கிய கதை.
வருடத்துக்கு ஓர் அங்குலம் குறைகிறது.
இன்னும் நாலு வருடம் உயிரோடிருந்தால்
வெறும் கட்டையால் சுட்டிருப்பான்.
பிரெண்டர்காஸ்ட் கையால் காட்டுகிறான்:
கொக்கி, வளையம், வார் எல்லாவற்றுக்கும் கறுப்பு டேப்,
பெயரில்லாத சட்டை, எண்ணில்லாத துப்பாக்கி.
செத்தால் எந்த ஊர்க்காரன் என்று
ஈக்கும் தெரியக் கூடாது.

இ புளோ எபான் சிரிக்கிறான்.
ராடே மலைக்காரன். பதினோரு வருடம் காட்டில் ஒளிந்திருந்து,
பிறகு இங்கே வந்து
இருபத்தைந்து வருடம் சோபாவுக்கு ஆணி அடித்தவன்.
பனிப்பெட்டிக்குள் ஒளித்து
ஜாடி நிறைய அரிசிக் கள் கொண்டு வந்திருக்கிறான்.
விடுதிக்காரிக்குத் தெரியும்.
தெரியாததுபோல் போகிறாள்.

அப்புறம் அந்தக் கதை.
யானைப்புல், தலைக்கு மேல் உயரம்.
ஆகஸ்ட் மாதக் காற்றுக்கு எதையும் தாங்கத் தெம்பில்லை.
ஹெலிகாப்டர் ஒரு முழம் எழும், உட்காரும்.
விசிறியின் சுற்று விழ விழ
ஹெல்மெட்டுக்குள் எச்சரிக்கை ஊளை.
"கனம்! கனம்!" என்று கத்தினான் பைலட் கோயில்.
நாங்கள் எறிந்தோம்.
எதையெல்லாம் என்று வருடா வருடம் எல்லோரும் சேர்ந்து ஒப்பிப்போம்:
தோட்டாப் பெட்டி, புகைக்குண்டு, கருவிப்பை,
என் மாற்றுக் குழல், குடிதண்ணீர்.
ஹாஸ்க்யூ மட்டும் பீச் பழ டப்பாவை விடவில்லை.
அங்கேதான் சிரிப்பு வரும்.
சிரிப்போடு வால் எழும்பிவிடும்,
மரக்கிளைகள் வயிற்றைக் கீறும்,
கதை முடியும்.

கோயில் மார்ச்சில் போய்விட்டான்.
அவன் பறப்புக் குறிப்பேட்டை மனைவி தபாலில் அனுப்பியிருந்தாள்.
பிரெண்டர்காஸ்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அந்தத் தேதியைத் தேடி
உரக்கப் படித்தான்.
பென்சில் எழுத்து:
ஏற்றியது ஏழு. இறக்கியது ஆறு.

காபி இயந்திரம் கடகடவென்று ஓடி நின்றது.
ஹாஸ்க்யூ தன் பெயர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
அதில் வேறு யார் பெயரோ இருப்பதுபோல்.

"இ துஹ்" என்றான் இ புளோ.
"என் சின்னம்மா பையன்.
கால் பக்கம் நான் பிடித்தேன்."

தோள் பக்கம் நான்.

படையை விட்டு வந்த பிறகு
முப்பத்தோரு வருடம் நெடுஞ்சாலை எடைமேடையில் வேலை.
கோழி லாரி, மர லாரி,
டயர் அமுங்குவதைப் பார்த்தே பாரம் சொல்வேன்.
அந்தப் பையன் நூற்றிப்பத்து பவுண்டு இருப்பான்,
ஈரச் சட்டையோடு.
செத்துவிட்டான் என்று யாரோ கட்டைவிரலால் காட்டினார்கள்.
யார் என்று யாருக்கும் நினைவில்லை.

கூட்டம் கலைந்ததும் இ புளோவிடம் போய்க் கேட்டேன்:
"விளிம்பில் வைத்தபோது அவன் உதடு அசைந்ததே,
காற்றா?"

ஜாடிக்குள் மூங்கில் உறிஞ்சியைச் சரிசெய்தபடி
குனிந்தவாக்கில் பதில் சொன்னான்.
நீளமான பதில்.
என் இடது பக்கத்திலிருந்து.
எஞ்சின் தின்ற பக்கம்.

நான் தலையாட்டினேன்.

உறிஞ்சியை என்னிடம் தந்தான்.
குடித்து நிமிர்ந்ததும்
நான் குறைத்த அளவுக்கு
ஜாடியில் தண்ணீர் ஊற்றி நிரப்பினான்.